பெரியம்மா வந்து சேர்ந்திருக்கும் நாள்

மூழ்கிப்போன ஒரு கப்பல், மூழ்காமல் இருந்திருந்தால் என்றைக்குக் கரை சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். இந்த வேலை அவளிடம் வந்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. பதினோரு வருடம் சரக்குக் கப்பல்களில் இரண்டாம் அதிகாரியாக ஓடியவள். பிறகு காதில் ஒரு கோளாறு வந்து, அசையாத தரையிலேயே கால் தள்ளாடத் தொடங்கியது. கரையில் இறங்கியவள் இறங்கியவள்தான். இப்போது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வக்கீல்களுக்கும் கடல் சம்பந்தமான கணக்குகளைப் போட்டுக் கொடுப்பது பிழைப்பு. ஒருநாளும் கேப்டனாக இருந்ததில்லை. ஆனாலும் டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவர் வாய்க்கு வந்தபடி வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, அடுக்குமாடிக் கட்டிடம் முழுவதற்கும் அவள் கேப்டனம்மா ஆகிவிட்டாள்.

வக்கீல் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். எப்போதும் ஜலதோஷம் பிடித்த மனிதர். சாப்பாட்டு மேஜையில் பெட்டிகளை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம். மோதின கப்பல் மேலதான் தப்புன்னு ஆயிடுச்சு. சரக்கோட விலை எவ்வளவுன்னும் ஆயிடுச்சு. வட்டி ஒண்ணுதான் பாக்கி."

"வட்டின்னா கணக்கு எழுதறவங்ககிட்ட போங்க. என்கிட்ட எதுக்கு?"

"எத்தனை பர்சென்ட்டுங்கறதுல சண்டை இல்ல. எந்தத் தேதியில இருந்துங்கறதுலதான்."

"மோதின தேதியில இருந்துதானே?"

"நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன். நடுக்கடல்ல கிடக்கற ஜன்னல் கண்ணாடிய யாரு வாங்குவா? கரைக்கு வந்து இறங்கினாத்தான் அது காசு. அதனால கப்பல் ஒழுங்கா வந்திருந்தா என்னைக்கு சரக்கு கைக்குக் கிடைச்சிருக்குமோ, அன்னையில இருந்துதான் வட்டி ஓடும். ஆனா அது எந்த நாளு? அதத்தான் நீங்க சொல்லணும்."

சரக்கு, ஆயிரத்து நானூறு பெட்டி ஜன்னல் கண்ணாடி. சொந்தக்காரர் இந்த ஊர்க் கண்ணாடி வியாபாரி. கப்பல் கம்பெனியின் அட்டவணைப்படி இருபதாம் தேதியே வந்திருக்கும் என்பது அவருடைய கட்சி. எதிர்த்தரப்பு இன்னொரு காகிதத்தைக் காட்டியது. அந்த மாதம் இருபத்துநாலாம் தேதி நண்பகலில் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அடுத்த மாதம் பதினோராம் தேதி நண்பகல்வரை ஒரு பெட்டி இறங்கவில்லை. உங்கள் கப்பல் எப்படியும் வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகுதான் வந்திருக்கும், ஆகவே வட்டி பதினோராம் தேதியிலிருந்துதான் என்றது எதிர்த்தரப்பு.

"கூட்டிக் கழிச்சுப் பார்த்தா இருபத்திரண்டு நாள் வட்டிதான்," என்றார் வக்கீல். "அதுக்கு மேல ரெண்டு பேரும் எங்களுக்கே குடுத்துட்டாங்க. இப்போ அது மானப் பிரச்சினை ஆயிடுச்சு மேடம்." தும்மினார். மூன்று வாரம் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் காகிதம் காகிதமாகக் கப்பல் கிடந்தது. இருபத்தேழு வருடப் பழைய கப்பல். பின்பக்கம் கனத்து, மெதுவாக, யாருக்கும் அவசரப்படாமல் நடப்பதால் மாலுமிகள் அதைப் பெரியம்மா என்று அழைத்தார்கள் என்று ஒரு வாக்குமூலத்தில் இருந்தது. இரண்டாம் தேதி புறப்பட்டது. ஒன்பதாம் தேதி விடிகாலை நாலு மணிக்கு மூடுபனியில் இன்னொரு கப்பல் அதன் இடுப்பில் இடித்தது. மாலுமிகள் படகில் தப்பினார்கள். ஒருவர் மட்டும் போய்விட்டார். ரொட்டிக்கு மாவு பிசைய எல்லோருக்கும் முன்னால் எழுந்து, இடிபட்ட பக்கத்தில் இருந்த சமையலறைக்குப் போன சமையல்காரர்.

அவள் வேலையைத் தொடங்கிய விதம் கணவருக்கு விசித்திரமாக இருந்தது. மொத்தத் தூரத்தை வேகத்தால் வகுத்தால் அரை மணி நேரத்தில் விடை வந்துவிடும். அவளோ ஒரு நாளைக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டாள். கணவர் மதிய ஷிப்டுக்குப் போனதும் மேஜையில் கடல்வரைபடத்தை விரிப்பாள். அந்தத் தேதியில் அந்தப் பக்கமாகப் போன மற்ற கப்பல்கள் எழுதிவைத்த காற்று, அலை, நீரோட்டம் எல்லாவற்றையும் படிப்பாள். கவராயத்தை விரித்து ஒரு நாள் ஓட்டத்தை அளந்து, பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

முதல் நாள்தான் கஷ்டமாக இருந்தது. இடித்த கப்பலை இடிக்காமல் போக வைக்க வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பஞ்சுபோல வெள்ளை. எங்கோ ஒரு ஊதல். பிறகு இன்னும் அருகில். ஒரு கரிய சுவர் பனிக்குள்ளிருந்து எழுந்து, உயர்ந்து, கையெட்டும் தூரத்தில் சத்தமில்லாமல் நழுவிப் போய்விட்டது. பெரியம்மா ஒன்றும் நடக்காததுபோல நடந்துகொண்டிருந்தாள். கேப்டனம்மா கண்ணைத் திறந்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. ஜன்னல் திரை காற்றில் உப்பித் தணிந்தது.

அதற்குப் பிறகு மதியங்கள் தாமாக ஓடின. வெயில் மேஜையின் ஒரு விளிம்பில் ஏறி மறு விளிம்பில் இறங்குவதற்குள் கப்பல் இருநூறு மைலுக்கு மேல் போய்விடும். கீழே தெருவில் ஆட்டோ போகும் சத்தம் எஞ்சின் சத்தமாகிவிடும். சரக்கறையில் வைக்கோலுக்குள் நிற்கும் ஆயிரத்து நானூறு பெட்டிக் கண்ணாடியும் ஒவ்வொரு அலைக்கும் லேசாக முனகுவது அவளுக்குக் கேட்டது. விடிகாலையில் ரொட்டி வாசனை வந்தது. கரைக்கு வந்த பிறகு முதல்முறையாக, தள்ளாட்டம் அவளுக்கு இதமாக இருந்தது.

ஷிப்டு முடிந்து வரும் கணவர் சட்டையைக் கழற்றும்போதே கேட்பார்: "என்ன கேப்டன், பெரியம்மா எங்க இருக்கா?"

"தண்ணியும் எண்ணெயும் பிடிக்க நிக்கறா. பத்து மணி நேரம் ஆகும்."

"எங்க டிப்போ மாதிரிதான். டீசல் போட நின்னா அவ்வளவுதான்."

எட்டாவது நாள், அதாவது கப்பலுக்குப் பதினாறாம் தேதி, கதவு தட்டப்பட்டது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கையில் நீராவி சுட்ட பழைய தழும்புகள். சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் என்று சொன்னாள்.

"அந்தக் கப்பல்ல சமையல் பண்ணினாரே, அவரோட வீட்டுக்காரி நான், அக்கா. நீங்க அந்தக் கப்பல மறுபடி ஓட்டிட்டிருக்கீங்கன்னு வக்கீல் ஆபீஸ்ல சொன்னாங்க."

"ஓட்டல மா. கணக்குத்தான் போடறேன்."

"சரிக்கா." அவள் உள்ளே வந்து மேஜையைப் பார்த்தாள். "இப்போ எங்க இருக்கு?"

கேப்டனம்மா புள்ளியைக் காட்டினாள். சலவைக்காரி விரலை அதன்மேல் வைக்காமல் பக்கத்தில் வைத்தாள். சூடு பட்டுவிடும் என்பதுபோல.

அவள் வந்த காரணத்தை மெதுவாகத்தான் சொன்னாள். கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் அவர் போன் செய்திருக்கிறார். அப்போது அவளுக்கு நிறைமாதம். டாக்டர் இருபத்திரண்டு என்று நாள் குறித்திருந்தார். "இருபதாம் தேதி வந்துடுவேன், குழந்தைய நான்தான் முதல்ல தூக்குவேன்," என்றாராம். இவளுக்கு இடுப்பு வலி, எரிச்சல். "என்னைக்கு நீங்க சொன்ன நேரத்துக்கு வந்திருக்கீங்க? சும்மா புளுகாதீங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. பத்தாம் தேதி தகவல் வந்தது. இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குப் பெண்குழந்தை பிறந்தது.

"நாலரை வருஷமா இதே நினைப்புக்கா. அவர் நிஜமாவே வந்திருப்பாரா? நான்தான் புளுகுன்னு சொல்லிட்டேனா? உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

கேப்டனம்மா வரைபடத்தில் கரையைப் பார்த்தாள். "இன்னும் சில நாள் ஓட்டம் இருக்கு," என்றாள்.

"அப்ப நாளைக்கு வரேன்."

மறுநாளிலிருந்து, தன் வேலை முடிந்ததும் சலவைக்காரி வந்துவிடுவாள். மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொள்வாள். பேச்சு அதிகம் இருக்காது. பென்சில் புள்ளி வைக்கும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வாள். சில நேரம் ஏதாவது கேட்பாள். கடலில் வெங்காயம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? அலை அடிக்கும்போது அடுப்பில் பாத்திரம் எப்படி நிற்கும்? அடுப்பைச் சுற்றிக் கம்பி கட்டியிருப்பார்கள், பாத்திரத்தைப் பாதிதான் நிரப்புவார்கள் என்று அவள் சொன்னதும், சலவைக்காரி தலையாட்டினாள். "அதான் வீட்டுலயும் எதைச் செஞ்சாலும் பாதிப் பாத்திரம்தான் செய்வாரு. நான் கஞ்சப்பிசினாறின்னு திட்டுவேன்."

பதினெட்டாம் தேதி எதிர்க்காற்று பிடித்தது. இரண்டு நாள் முழுக்க. அந்தப் பக்கம் போன மூன்று கப்பல்களும் அதையே எழுதியிருந்தன. பெரியம்மாவின் நடை மணிக்கு ஏழு மைலாக இறங்கியது. இருபதாம் தேதி மதியம் புள்ளி வைத்தபோது கரை இன்னும் கை அகலம் தள்ளி இருந்தது. சலவைக்காரி அந்த இடைவெளியைப் பார்த்தாள். அன்றைக்கு அட்டவணையும் பொய்த்தது, கண்ணாடி வியாபாரியின் கட்சியும் பொய்த்தது.

"இன்னும் கொஞ்சம் வேகமா விடக் கூடாதா?" என்று அன்று மாலை கணவர் கேட்டார். அவருக்கு விஷயம் தெரியும். "நான் பஸ்ஸையே ஆளு ஓடி வர்றதப் பார்த்தா நிறுத்தறேன். ஒரு பத்து மணி நேரம்தானே? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"அதச் சொல்லு." அவர் தட்டைக் கழுவி வைத்தார்.

மனசு கேட்காமல் அவள் எல்லாவற்றையும் திரும்பப் பார்த்தாள். கரையோர நீரோட்டம் சாதகமாக இருந்தது. ஆறு மணி நேரம் மிச்சமானது. எண்ணெய் பிடித்த நேரத்தை ஒரு நிமிடம்கூடக் குறைக்க முடியவில்லை. இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குப் பெரியம்மா கரையிலிருந்து இன்னும் நூற்றைம்பது மைலுக்கு மேல் தள்ளி, அமைதியான, தங்கநிறக் கடலில் வந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலை பதினொரு மணிக்குத்தான் துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டாள்.

அந்தக் கடைசி மதியம், புள்ளி வைத்துவிட்டு, அவள் நேராகவே சொல்லிவிட்டாள்.

"பிறக்கறதுக்கு முன்னாடி வந்திருக்க முடியாது மா. கப்பல் வந்து நின்னதே மறுநாள் பதினோரு மணிக்கு. கப்பலுக்கு வழிகாட்டி உள்ள கூட்டிட்டு வர்ற பைலட் படகு அன்னைக்கு மூணரை மணிக்கு வெளிய போயிருக்கு, அஞ்சு மணிக்குள்ள உள்ள வந்திருக்கும். அவர் கையெழுத்துப் போட்டுட்டு இறங்கி வீட்டுக்கு வர ஏழு மணி ஆயிருக்கும். ஒரு நாள் லேட்டு."

சலவைக்காரி வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து கேப்டனம்மா எழுந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளா? ஒரு நாள்னா அது அவரேதான்க்கா. எங்க கல்யாணப் பதிவுக்கே ரெண்டு மணி நேரம் லேட்டு. ரிஜிஸ்திரார் பூட்டுப் போட்டுட்டு வெளிய வந்துட்டாரு." கண்ணீர் சிரிப்போடு சேர்ந்து வந்தது. "இருபதாம் தேதியே வந்து நின்னிருப்பாருன்னு நீங்க சொல்லியிருந்தா, அது யாரோ வேற ஆளு மாதிரி இருந்திருக்கும். ஏழு மணிக்கு மூச்சு வாங்க வந்து நின்னு, 'பஸ்ஸு கிடைக்கல'ன்னு ஒரு சாக்கு சொல்லியிருப்பாரு."

"எந்த ரூட்டு பஸ்ஸு?" என்றார் அன்றைக்கு விடுப்பில் இருந்த கணவர், அடுப்படியிலிருந்து. "துறைமுக ரூட்டு எங்க டிப்போதான். அப்படியெல்லாம் கிடைக்காம போகாது." மூன்று பேருமே சிரித்தார்கள்.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். உயரமான சன்னல்களிலிருந்து வெயில் சாய்ந்து விழுந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் வெள்ளிநிற மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இந்தக் கப்பல நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லைங்க."

"ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் அது ஓடவே இல்ல. இல்லாத கப்பல இல்லாத பாதையில பதினஞ்சு நாள் ஓட்டிட்டு வந்திருக்கீங்க. இதுக்குப் பேரு கனவு இல்லையா?"

"காத்து நிஜம்ங்க. அலை நிஜம். தூரம் நிஜம். கப்பல் மட்டும்தான் இல்ல."

"இறந்துபோனவரோட மனைவி தினமும் உங்க வீட்டுக்கு வந்தாங்களாமே? அவங்களுக்காகத் தேதிய முன்னால இழுத்தீங்களா?"

"இழுத்திருந்தா ஒரு நாள் முன்னாலேயே வந்திருக்கும்ங்க. அவங்களுக்கு வேண்டியது அதுதான். நான் அதைக் குடுக்கல."

எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நீதிபதி, தலை நரைத்த பெண்மணி, முதல்முறையாக நிமிர்ந்து சாட்சியைப் பார்த்தார். பிறகு பைலட் படகின் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கப்பல் இருபத்துமூன்றாம் தேதி மாலை உள்ளே வந்திருக்கும் என்பதை நீதிபதி ஒப்புக்கொண்டார். இருபத்துநாலாம் தேதி காலை எட்டு மணிக்குச் சரக்கு இறக்கத் தொடங்கியிருப்பார்கள். நண்பகலில் வேலைநிறுத்தம். மணிக்கு எழுபது பெட்டி என்பது அந்தத் துறைமுகத்தின் வழக்கமான வேகம். ஆகவே இருநூற்றெண்பது பெட்டிக்கு வட்டி இருபத்துநாலாம் தேதியிலிருந்து. மிச்சத்துக்கு அடுத்த மாதம் பதினோராம் தேதியிலிருந்து.

"எந்த இருநூத்தெண்பது?" என்று கண்ணாடி வியாபாரி வராந்தாவில் வக்கீலைப் பிடித்துக்கொண்டார். "மேல இருந்த பெட்டியா, கீழ இருந்த பெட்டியா? ரெண்டும் ஒரே ரகம் இல்ல சார்!"

"மேல இருந்ததுதான் முதல்ல இறங்கும்," என்றார் வக்கீல் தும்மிக்கொண்டே. அந்தப் பக்கம் வெள்ளிக் கண்ணாடிக்காரர் தன் கட்சிக்காரரிடம் கைகுலுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு தரப்புமே ஜெயித்துவிட்டதாகப் பட்டது.

வராந்தாக் கோடியில் பெஞ்சில் சலவைக்காரி உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பைக் கேட்க வந்தவள். அவள் முகத்தில் ஏதோ ஒரு குழப்பம்.

"அக்கா, ஸ்டிரைக்குன்னா ஆளுங்களையும் இறங்க விட மாட்டாங்களா?"

"ஆளுங்க இறங்கலாம். சரக்குக்குத்தான் ஸ்டிரைக்."

"வழக்கமா வந்தா ரெண்டு நாள்தான் இருப்பாரு. இறக்கினதும் கப்பல் கிளம்பிடும்."

"ஆமா."

"அப்ப இறக்கலேன்னா?"

கேப்டனம்மாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. பதினைந்து நாள் கப்பலை ஓட்டிக் கொண்டுவந்தவள், கட்டி நிறுத்திய பிறகு திரும்பியே பார்க்கவில்லை. "கிளம்ப முடியாது. பெட்டி உள்ளேயே இருக்கே. பதினோராம் தேதி வரைக்கும் இங்கதான் நின்னிருக்கும்."

"அவர்?"

"பகல்ல போய் கப்பல்ல இருக்கறவங்களுக்குச் சமைக்கணும். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்."

சலவைக்காரி விரல்விட்டு எண்ணினாள். ஒரு கை, இன்னொரு கை, மறுபடி முதல் கை, மேலும் மூன்று விரல். "பதினெட்டு நாளு," என்றாள். "ஒரே தடவையில அத்தனை நாள் அவர் வீட்டுல இருந்ததே இல்லக்கா." எண்ணிய விரல்களை மடக்கிக்கொண்டாள். "குழந்தை பொறந்தப்புறம் அந்த நாளெல்லாம் எப்படிப் போச்சுன்னே எனக்கு ஞாபகம் இல்ல. வெயிலா மழையான்னுகூடத் தெரியாது."

அது தெரியும். துறைமுக வானிலைப் பதிவு அவள் பையிலேயே இருந்தது. கேப்டனம்மா அதை எடுத்து மடியில் விரித்தாள். வராந்தாவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. சன்னல் வெயில் தரையில் நீளமாகக் கிடந்தது. அதில் தூசி மிதந்தது.

"இருபத்துநாலு. காலையில தெளிவான வானம். லேசான தென்காத்து."

"முதல்ல தூக்கவே பயந்திருப்பாரு. அடுத்தது?"

"இருபத்தஞ்சு, மேகமூட்டம். இருபத்தாறு, மழை. சாயங்காலம் வரைக்கும் விடல."

"துணி காயாது. இஸ்திரிப் பெட்டியால காய வெச்சுக் குடுத்திருப்பேன். அவர் பக்கத்துல உக்காந்து மடிச்சிருப்பாரு. ஒழுங்கா மடிக்கத் தெரியாது." அவள் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "மெதுவாப் படிங்கக்கா. ஒரு நாளைக்கு ஒரு நாள்."

கேப்டனம்மா பக்கத்தைத் திருப்பினாள். இருபத்தேழாம் தேதி நல்ல வெயில் அடித்திருந்தது.